அந்த அவசரத்துக்கு ஒரு நமஸ்காரம்!

'ஆதிமூலமே!' என்று கஜேந்திரன் அலறிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். முதலை காலைக் கவ்விக்கொள்ள, உடம்பில் இருந்த பலமெல்லாம் வடிந்துபோக, துதிக்கையில் தூக்கிப் பிடித்த ஒற்றைத் தாமரையோடு அந்த யானை கூப்பிட்டது. கருடன் மேல் ஏறி ஓடோடி வந்தார் பெருமாள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கபிஸ்தலம் போய் கஜேந்திர வரதரை சேவித்தவர்கள், பட்டாச்சார்யர் வாயால் இந்தக் கதையை இன்னொரு முறையும் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் கடந்துபோகிற ஓர் இடம் உண்டு. அதைக் கவனித்தவர் பராசர பட்டர். கூரத்தாழ்வானின் திருக்குமாரர். தாம் அருளிய ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில், பெருமாள் அன்று புறப்பட்ட விதத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார் அவர். சேனை முதலியார் கைகொடுக்க நீட்டியதைப் பெருமாள் பிடித்துக்கொள்ளவில்லை. பாதுகையைக் கொண்டுவந்து வைத்தார்கள், அணியவில்லை. கருடனின் வேகம்கூடப் போதவில்லை அவருக்கு. இதையெல்லாம் சொல்லிவிட்டு பட்டர் யாரை வணங்குகிறார் தெரியுமா? பெருமாளுக்கு வந்த அந்த அவசரத்தை! காப்பாற்றியதற்காக அல்ல, காப்பாற்ற வந்த பதற்றத்துக்காக ஒரு நமஸ்காரம்.

எவ்வளவு நுட்பமான பார்வை! யானை பிழைத்தது பெருமாளின் சக்தியால். ஆனால், அந்தப் பதற்றத்தில்தான் அவருடைய கருணை தெரிகிறது. கூப்பிட்டவன் யார், என்ன குலம், முன்பின் பழக்கம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் யானை கரையேறியிருக்காது.

நம் தெருவிலும் அப்படி ஒரு அவசரம் தினமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சைரன் சத்தம் கேட்டதும், கையில் இருக்கும் காய்கறிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'ஐயோ, யார் வீட்டிலோ... தாயே, காப்பாத்து' என்று ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறோம். நல்ல வழக்கம்தான். அந்தப் பிரார்த்தனை முழுக்க ஆபத்தில் இருப்பவருக்காகப் போய்விடுகிறது. அந்த வண்டிக்குள்ளே தொற்றிக்கொண்டு போகிறார்களே, ஆபத்தைத் தேடிப் போகிற அந்த நாலைந்து பேர்... அவர்களுக்காக நாம் வேண்டிக்கொள்வது உண்டா?

சம்பளத்தோடு தீர்கிற கணக்கா?

இப்படி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று எனக்குப் பழக்கமான ஒரு வாசகியிடம் சொன்னேன். வாராவாரம் விளக்கு பூஜைக்குத் தவறாமல் போகிற, தானதர்மத்தில் குறை வைக்காத பெண்மணி. யோசிக்காமல் கேட்டார்: "அதுக்குத்தானேங்க சம்பளம் வாங்குறாங்க? அவங்க கடமையை அவங்க செய்றாங்க. இதுல நன்றி சொல்ல என்ன இருக்கு?"

கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. நம்மில் பலர் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி. சுலபமாகத் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. பால்காரர் பால் ஊற்றுகிறார், நாம் காசு கொடுக்கிறோம். கணக்கு முடிந்தது. தீயணைப்பு வீரருக்கு அரசாங்கம் நம் வரிப்பணத்தில் சம்பளம் கொடுக்கிறது. அங்கேயும் கணக்கு முடிந்ததுதானே?

அந்தப் பெண்மணியிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான். கோயில் அர்ச்சகருக்கும் சம்பளம் உண்டு. அப்படியிருக்க, கற்பூரத் தட்டில் நாம் ஏன் தட்சிணை வைக்கிறோம்? அவர் கையால் நமக்குக் கிடைத்தது அந்தச் சம்பளத்துக்குள் அடங்காது என்று நம் மனதுக்குத் தெரிவதால்தானே? பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்குப் பணம் முழுவதையும் கட்டிய பிறகும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு டப்பா ஸ்வீட்டோடு போய் நிற்கிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

சம்பளம் என்பது ஒருவருடைய நேரத்துக்கும் உழைப்புக்கும் விலை. எரிகிற வீட்டின் வாசற்படியில் நிற்கிறவர், உள்ளே எடுத்து வைக்கிற அடுத்த அடிக்கு எந்தச் சம்பளக் கமிஷனும் விலை நிர்ணயித்துவிட முடியாது. அதை அவர் கொடுக்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம்.

'கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே' என்று கீதையைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது யாருக்குச் சொன்னது என்று பார்க்க வேண்டாமா? வேலையைச் செய்கிறவனுக்குச் சொன்னது. அந்த வேலையால் உயிர் பிழைத்தவனுக்குச் சொன்னது இல்லை! செய்கிறவன் எதிர்பார்க்கக்கூடாது என்றால், பெற்றவன் மறந்துவிடலாம் என்று அர்த்தமாகிவிடுமா? திருவள்ளுவர் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார். ஒப்புரவறிதல் அதிகாரத்தில், மழையைப்போலக் கைம்மாறு கருதாமல் கொடுக்கச் சொல்கிறார் கொடுப்பவரிடம். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்திலோ, பெற்றுக்கொண்டவர் பக்கம் திரும்பி, நன்றி மறப்பதற்குப் பரிகாரமே கிடையாது என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசுகிறார். ஒரு அதிகாரத்தைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பித்துக்கொள்ள முடியாது.

விளக்குத்தூண் அருகே...

மதுரைக்குப் போனவர்களுக்கு விளக்குத்தூண் தெரிந்திருக்கும். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம். தீபாவளி நெருங்கிவிட்டால் அந்தப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. ஜவுளிக்கு மேல் ஜவுளி, தலைக்கு மேல் தலை. பழைய கட்டடங்கள், ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும்.

2020-ம் ஆண்டு தீபாவளி, நவம்பர் 14, சனிக்கிழமை. அன்றைக்கு விடிகிற இரவில் அந்தப் பகுதியில் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. ஊரெல்லாம் எண்ணெயும் சீயக்காயும் எடுத்துவைத்து, புதுத்துணிக்கு மஞ்சள் தடவி, கங்கா ஸ்நானத்துக்குக் காத்திருந்த வேளை. தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய்ப் போராடிக்கொண்டிருந்தபோதே அந்தப் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. இடிபாடுகளில் சிக்கி இரண்டு வீரர்கள் உயிரிழந்தார்கள். இன்னும் இருவர் காயத்தோடு மீட்கப்பட்டார்கள்.

ஜவுளிக்கடைத் தீ என்பது எவ்வளவு பொல்லாதது என்று யோசித்துப் பாருங்கள். துணி மூட்டை மேலே அணைந்தாற்போல இருக்கும்; உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் அந்தத் தண்ணீரை எல்லாம் துணி குடித்துக்கொள்ளும். நனைந்த ஒரே ஒரு கம்பளியை வாளியிலிருந்து தூக்கவே நமக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஒரு கடை நிறைய நனைந்த துணி, வயதான ஒரு தளத்தின் மேல் எவ்வளவு பாரமாக உட்கார்ந்திருக்கும்! போதாததற்குப் புகை. பல தீ விபத்துகளில் உயிரைக் குடிப்பது நெருப்பைவிடப் புகைதான். அந்த இருட்டில், முதுகில் காற்று உருளையும் முகத்தில் கவசமுமாகச் சுவரைத் தடவித் தடவித்தான் நடக்கவேண்டும்.

மதுரையும் நெருப்பும் என்றதும் தமிழ் படித்த எனக்குக் கண்ணகி நினைவுக்கு வந்துவிடுவாள். ஊரை எரிக்கச் சொன்னவள்தான். ஆனால், அந்தக் கோபத்திலும், முதியவர்கள், குழந்தைகள், பசுக்கள், பத்தினிப் பெண்கள் இவர்களையெல்லாம் விட்டுவிடு என்று அக்கினி தேவனுக்குக் கட்டளையிட்டாள் என்கிறது சிலப்பதிகாரம். காப்பியத்துத் தீ சொன்ன பேச்சைக் கேட்டது. கடையிலும் வீட்டிலும் பிடிக்கிற தீ யார் பேச்சையும் கேட்பதில்லை. குழந்தையா, கிழவியா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் கட்டளைக்குப் பதிலாக ஓர் ஆள் உள்ளே போகவேண்டியிருக்கிறது.

அதே மதுரையில், 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கல் மண்டபம்தானே, எரியாது என்று நினைப்போம். சூடு ஏறினால் கல்லும் வெடிக்கும். மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. அன்றும் உள்ளே நின்று தண்ணீர் அடித்தவர்கள் இவர்கள்தான். மறுநாள் 'மீனாட்சி காப்பாற்றினாள்' என்று சொன்னோம். உண்மைதான். யார் கையால் காப்பாற்றினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆண்கள் மட்டும்தான் இந்த வேலையில் என்று நினைத்துவிடாதீர்கள். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில், பழைமையான கலச மஹால் கட்டடம் எரிந்தபோது ஒரு வீரர் உயிரிழந்தார். வீரர்களோடு உள்ளே போன அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் பட்டார். குணமாகி, திரும்பவும் அதே தீயணைப்புத் துறைக்கே போனார் அந்தப் பெண்மணி.

சித்திரையும் நீத்தார் நினைவும்

பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் 14 நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு. விடிகாலையில் கனி பார்த்து, வேப்பம்பூ போட்டு மாங்காய்ப் பச்சடி செய்து, கோயிலில் பஞ்சாங்கம் படிக்கிறதைக் கேட்டுவிட்டு வருவோம். அதே நாளில் நாடு முழுக்கத் தீயணைப்பு நிலையங்களில் வேறொரு சடங்கு நடக்கிறது. சீருடையில் வரிசையாக நின்று, பணியில் உயிர்விட்டவர்களுக்கு மலர்வளையம் வைத்து மௌனமாக நிற்கிறார்கள்.

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் நின்றிருந்தது. பருத்தி மூட்டைகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. உலகப் போர்க் காலம் வேறு. பிற்பகலில் கப்பலில் புகை கிளம்ப, பம்பாய் தீயணைப்புப் படையினர் வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்துச் சிதறியது. துறைமுகமும் சுற்றுவட்டாரமும் நாசமாயின. பலியானவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரமாக அனுசரிக்கப்படுகிறது.

ராமன் தர மறுத்த கைம்மாறு

சரி, நன்றி உண்டு என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதை எப்படிச் செலுத்துவது? சிக்கல் இங்கேதான். அர்ச்சகர் தட்டில் வைக்கிற மாதிரி ஒரு நூறு ரூபாயை எடுத்து நீட்டமுடியாது; அது தட்சிணை ஆகாது, லஞ்சமாகிவிடும். பதிலுக்கு நாமும் ஓர் ஆபத்தில் அவரைக் காப்பாற்றலாமா?

ராமாயணத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. லட்சுமணன் மூர்ச்சையாகிக் கிடந்தபோது சஞ்சீவி கொண்டுவரப் போனார் அனுமன். எந்தப் பச்சிலை என்று புரியவில்லை. உட்கார்ந்து தேடவில்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது. மலையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆம்புலன்ஸில் வருகிறவர்களின் புத்தி இது. முதலில் உயிர் நிற்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

பட்டாபிஷேகம் முடிந்தது. எல்லோருக்கும் பரிசு கொடுத்து வழியனுப்புகிறான் ராமன். அனுமன் முறை வருகிறது. வால்மீகி உத்தரகாண்டத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இத்தனை உதவிக்கும் கைம்மாறு செய்யப்போவதில்லை என்கிறான் ராமன்; பட்ட கடன் தன்னோடு கிடந்து கரைந்துபோகட்டும் என்று விட்டுவிடுகிறான். ஏன் தெரியுமா? ஆபத்தில் உதவியவனுக்கு அதேபோலத் திருப்பி உதவவேண்டும் என்றால், முதலில் அவனுக்கு ஆபத்து வந்தாகவேண்டும். கைம்மாறு செய்யத் துடிக்கிறவன், தன்னை அறியாமல் உதவியவனுடைய கஷ்டத்துக்குக் காத்திருக்கிறான். அனுமனுக்கு அப்படி ஒரு கஷ்டம் வரவே வேண்டாம் என்று நினைக்கிறான் ராமன்.

தீயணைப்பு வீரருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் நாம் படுகிற கடன் இந்த ஜாதிதான். திருப்பித் தரமுடியாது, திருப்பித் தரவேண்டிய நிலைமை அவருக்கு வரவும் கூடாது. அவருக்கு ஆபத்து வராமல் இருக்க வேண்டுமென்றால், அவர் உள்ளே போகவேண்டிய தீயே மூளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பில் பாதிக்கு மேல் நம் கையில், நம் சமையலறையிலும் பூஜையறையிலும் இருக்கிறது.

விளக்கை 'அணைத்தாயா' என்று நம் வீடுகளில் கேட்கமாட்டார்கள். 'மலையேற்றினாயா', 'குளிரவைத்தாயா' என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு மரியாதை. ('அணைப்பு' என்ற சொல்லுக்குத் தமிழில் தழுவிக்கொள்வது என்றும் பொருள் உண்டு. 'தீயணைப்பு' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.) ஆனால், அதே விளக்கைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரியவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரதோஷத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். விளக்கு தானாக மலையேறக்கூடாது என்று ஒரு நம்பிக்கை. பெரியவர்கள் அப்படிச் சொன்ன காலத்தில் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். தூண்டிவிட ஒரு பாட்டி எப்போதும் உட்கார்ந்திருந்தாள். ஆளில்லாத வீட்டில் அது சரிப்படாது. கிளம்பும்முன் ஒரு பூவால் குளிரவைத்துவிட்டுப் போனால் எந்த அம்பாளும் கோபித்துக்கொள்ளமாட்டாள். கொலு சமயத்தில் ஒரே பிளக் பாயின்டில் நாலு சீரியல் விளக்கைச் சொருகி, ஒன்பது நாளும் எரியவிடுவதும் இதே ரகம்தான்.

இன்னொன்று, கதவு. திருட்டுப் பயத்தில் அப்பார்ட்மென்ட் வாசலில் இரும்பு கிரில் போட்டு, உள்பக்கம் பூட்டு தொங்கவிடுகிறோம். சாவி எங்கே? பீரோவுக்குள்! இரவில் புகை சூழ்ந்தால் அந்தச் சாவியை யார் தேடுவது? வெளியே நிற்கிற வீரர் கிரில்லை அறுத்து முடிப்பதற்குள் போகிற நிமிடங்கள் யாருடையவை? படிக்கட்டில் பழைய பேப்பர், செருப்பு ஸ்டாண்ட், ஓடாத சைக்கிள். கீழே வண்டி நுழையும் வழியில் குறுக்காகக் கார். அப்புறம், 'ஃபயர் சர்வீஸ் லேட்டா வந்தாங்க' என்று சொல்வது நமக்குச் சுலபம். அவர்கள் பலமுறை நம் தெருமுனை வரை சரியான நேரத்தில் வந்துவிடுகிறார்கள். மீதி தூரத்தை அடைத்துக்கொண்டிருப்பது நாம்.

கும்பகோணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு பற்றிக்கொள்கிறது. 2004 ஜூலை 16. பள்ளிக்கூடத்துச் சமையலறைத் தீ கூரைக்குத் தாவி, 94 பிஞ்சுகள் கருகிப்போயின. ஓலைக்கூரையும் குறுகலான படியுமாக இருந்த கட்டடம் அது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேக சமயத்தில் யாகசாலைப் பந்தல் எரிந்து, நெரிசலும் சேர்ந்து, 40-க்கும் மேற்பட்ட பக்தர்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் ஓலைக்கூரை. அடியில் நெருப்பு, அதற்குக் கீழே ஜனங்கள். ஓலை பற்றிவிட்டால் எப்பேர்ப்பட்ட வீரர் வந்தாலும் நிமிடங்கள் அவர் கையில் இருப்பதில்லை. உங்கள் தெருக் கோயிலில் திருவிழாப் பந்தல் போடும்போது, தர்மகர்த்தாவிடம் போய், 'தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாச்சா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பொம்பளைகள் கேட்டால் கொஞ்சம் வெட்கப்பட்டாவது செய்வார்கள்!

வேடிக்கை பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் பிடித்த தீயை அணைக்கும்போது கேஸ் சிலிண்டர் வெடித்தது. ஒரு வீரர் இறந்தார். சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த பொதுமக்களில் பலர் கருகினார்கள், சிலர் பிழைக்கவில்லை. அன்று கையில் செல்போனோடு நின்ற கூட்டம் இன்று ஒன்றுக்குப் பத்தாகியிருக்கிறது. தீயோடு போராட வந்தவரைக் கூட்டத்தோடும் போராடவைப்பது என்ன நியாயம்?

தெய்வம் என்று சொல்லிவிட்டால்...

பெரிய விபத்து நடந்த மறுநாள் எல்லோரும், 'அவங்க தெய்வங்க!' என்கிறோம். மனம் நிறைந்து சொல்வதுதான். இருந்தாலும், ஆன்மிகப் பத்திரிகையில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்லலாமோ, கூடாதோ... அந்த வார்த்தை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால், நமக்கு வேலை முடிந்துவிடுகிறது. தெய்வத்துக்குப் பசிக்காது. தூக்கம் வராது. கிழிந்த கையுறை, தேய்ந்த பூட்ஸ் என்ற கவலை கிடையாது. இவர்களுக்கு எல்லாமே உண்டு. பண்டிகை நாளில் பெரும்பாலும் லீவு மட்டும் கிடையாது. தீபாவளியன்று நாம் மத்தாப்பு கொளுத்தும்போது அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றிருப்பார்கள்.

அவர்கள் நிலையத்தில் 101 மணி அடித்தால் அது தீயாகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. கிணற்றில் விழுந்த பசு, குளியலறையில் புகுந்த பாம்பு, மரத்தில் கதண்டுக் கூடு, வெள்ளத்தில் சிக்கிய குடும்பம்... எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். ஒரு வண்டியில் வருகிற தண்ணீர் பெரும்பாலும் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். பெரிய தீயில் நாலைந்து குழாய் பிடித்தால் சில நிமிடங்களில் காலி. விளையாட்டாக ஒரு பொய் அழைப்பு போனால், அந்த நேரத்தில் நிஜமாகவே எரிகிற வீட்டுக்கு வண்டி இல்லாமல் போகும். போனை நோண்டும் பேரக்குழந்தைக்கு இதை விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

108 ஆம்புலன்ஸும் அப்படித்தான். 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஓட்டுகிறவரை 'பைலட்' என்று அழைக்கிறார்கள், பொருத்தமான பெயர். உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளர் எத்தனையோ பிரசவங்களை, ஓடுகிற வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த இரண்டடி இடத்திலேயே பார்த்து முடித்திருக்கிறார். பெற்றவள் ஆஸ்பத்திரியில் இறங்கியதும் வண்டி அடுத்த அழைப்புக்குப் போய்விடும். அந்தக் கையில் முதன்முதலில் விழுந்த குழந்தை, வளர்ந்த பிறகு அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்காது.

பாற்கடல் கடைந்தபோது ஆலகாலம் கிளம்ப, தேவர்களும் அசுரர்களும் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். ஓடாமல் எதிரே வந்து அதை அள்ளிக் குடித்தவர் சிவபெருமான். அந்த நன்றியைத்தான் மாதம் இரண்டு முறை பிரதோஷமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காட்சியில் பார்வதி தேவியைப் பாருங்கள். உலகம் பிழைத்தது என்று எல்லோரும் பெருமூச்சு விடும்போது, அவள் ஒருத்தி மட்டும் ஓடிப்போய்க் கணவனின் கழுத்தைப் பிடிக்கிறாள். ஊருக்கு அவர் ரட்சகர். அவளுக்குத் தன் வீட்டுக்காரர்.

தீயணைப்பு நிலையத்துக் குடியிருப்புகளில் அப்படிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற பெண்கள் நிறைய. அதிகாலை இரண்டு மணிக்கு சைரன் கிளம்பினால், நமக்குத் தூக்கம் கலையும். அவர்களுக்கு வண்டி திரும்பிவருகிற சத்தம் கேட்கும் வரை தூக்கம் வராது. தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் நாம் கேதார கௌரி நோன்பு எடுக்கிறோம். அதிரசமும் வெற்றிலை பாக்கும் வைத்து, கணவர் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறோம். 2020-ல் மதுரையில் அந்த இரண்டு வீடுகளுக்குச் செய்தி போனது அதே தீபாவளி வேளையில்தான்.

இந்த வருஷம் சரடு கட்டிக்கொள்ளும்போது, நம் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்ன பிறகு, முகம் தெரியாத அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, அர்ச்சனைச் சீட்டு இன்னொன்று சேர்த்து வாங்குங்கள். உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள். குருக்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். 'பேரு, நட்சத்திரம்?' என்று கேட்டால், 'ஒண்ணும் தெரியாதுங்க. சாமி பேருக்கே பண்ணிடுங்க' என்று சொல்லுங்கள்.